ஓதுதலும் சூழொலியும்

1963ஆம் ஆண்டில் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், பெரிதும் குரலையும் சுருதியையுமே நம்பி நின்றும், அம்பத்தூர் முதல் பூவிருந்தவல்லி வரையுள்ள வீடுகளில் விடியற்காலையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது என்பதை நினைக்கும்போது, இன்று தேவாரத்துக்கும் பாசுரத்துக்கும் விவிலிய வாசிப்புக்கும் மழையும் பறவையும் சங்கும் சேர்த்து, கேட்பவரை நாற்புறமும் ஒலியால் சூழ முற்படும் பதிவுகள் எந்தக் குறையை நிவர்த்திக்கப் பிறந்தன என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

அவற்றை முற்றாக நிராகரிப்பதும் நியாயமாகாது. நாடகப் பாங்கில் பல குரல்களால் வாசிக்கப்படும் புதிய ஏற்பாட்டில், கலிலேயக் கடலில் புயல் எழும் பகுதிக்கு இம்முறை மெய்யாகவே பொருந்துகிறது. காற்றும் அலையும் இரைந்துகொண்டே வந்து, இயேசு அதட்டிய மாத்திரத்தில் அடங்கிவிடுமானால், அந்த நிசப்தம் வியாக்கியானம் இன்றியே வசனத்தின் பொருளை உணர்த்திவிடும். எழுத்தறியாத முதியவருக்கும் மனம் நிலைக்காத சிறுவருக்கும் இது பேருதவி. ஆனால் அது சம்பவம். சம்பவத்துக்கு ஓசை உண்டு. விண்ணப்பத்துக்கு?

திருமுல்லைவாயில் இறைவன்மீது சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறைப் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கட்டுண்ட வரலாறு அதில் ஒரு பாட்டில் வருகிறது. அவ்விடத்தில் ஒரு பிளிறலைச் சேர்க்க ஒலியமைப்பாளருக்குக் கை அரிக்கும். சேர்த்தால் பதிகம் கெட்டது. ஏனெனில் அங்கே யானை, இறைவனை விளிக்கும் அடைமொழிக்குள் ஒடுங்கி வருவது. பாட்டின் பாரம் முழுவதும், தம் துயரைக் களையுமாறு சுந்தரர் இரக்கும் இரப்பின் மேலேயே விழுகிறது.

மழையொலியின் தொல்லை வேறுவகை. அது ஏறத்தாழ எல்லா அலைவரிசைகளிலும் பரவி நிற்பதால், மெல்லிய மெய்யொலிகளை எளிதில் விழுங்கிவிடும். ல, ள, ழ பேதம் மங்கிய தேவாரத்தை எந்த ஓதுவார் ஒப்புவார்? அதிலும், ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்பவருக்கு வண்டியின் இரைச்சல் போதாதென்று செயற்கை மழை வேறா!

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில், பொருளின்றி மனத்திலேயே கோயில் எழுப்பிய பூசலாரின் சரிதத்தை, பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லுகிறார். காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளியின் குடமுழுக்கை இறைவன் தள்ளிவைக்கச் சொன்னது இந்த மனக்கோயிலுக்காகவே. சிரவணமும் இத்தகைய கட்டுமானந்தான். சொல்லைக்கொண்டு கேட்பவனே எழுப்ப வேண்டியது. முடித்த கோயிலை ஒலியாகக் கையில் கொடுத்துவிடும் பதிவு அவனுடைய பிரயத்தனத்தைப் பறித்துக்கொள்கிறது என்பதே என் பிரதான ஆட்சேபம். 2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசக இசைக்கோவை இதற்கு இலக்காகாது. அது பாராயணமென்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத தனிப் படைப்பு.

பின், சூழொலிக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. ஓதுவாரை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடவைத்துப் பிற்பாடு கோயிலோசையை ஒட்டுவதற்குப் பதிலாக, ஒரு பழங்கோயிலின் கல்மண்டபத்திலேயே ஓதச்செய்து பதிந்தால், கல்லில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் புறாக்களின் சிறகடிப்பும் குரலோடு கலந்தே வந்துவிடும். ஓதுவாரும் அந்த எதிரொலியை அனுசரித்துத் தம் நடையை நிதானப்படுத்திக்கொள்வார். திருமழிசையாழ்வாரின் திருச்சந்த விருத்தம் போலச் சந்தம் விரைந்தோடும் நூலுக்கு அந்த எதிரொலியும் மிகையே; அதற்குச் சிறிய அறைதான் உத்தமம். செயற்கையாகச் சேர்த்தே தீரவேண்டுமென்றால், குரலையும் பின்னொலியையும் தனித்தனித் தடங்களாக வைத்து, பின்னதை நிறுத்திக்கொள்ளும் சுதந்திரத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம்.