கட்டளையின் முகவரி: தொழில் தடத்தில் கிறித்தவக் கீழ்ப்படிதல்

தீமையை எதிர்கொள்ளும் வழிகளில் பழிவாங்குவதும் ஒதுங்கிப் போவதும் எவருக்கும் புரிபவை. இறைவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே தீமைக்குரிய மறுமொழியாகக் கொள்ளும் கிறித்தவ நிலைப்பாடோ அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. இங்குக் கட்டளை என்பது, சீனாய் மலையில் மோசே பெற்றதாக யாத்திராகமம் கூறும் பத்துக் கட்டளைகளையும், அவற்றையொட்டிக் கூலி, கடன், நிலம், அந்நியர் ஆகியவை பற்றி எழுந்த விதிகளையும், அவற்றை உள்ளத்தின் நோக்கம் வரை நீட்டிய இயேசுவின் மலைப்பொழிவையும் குறிக்கும். தீமை தீயவர்களால் மட்டும் நடந்துவிடுவதில்லை, பொய்க் கணக்கில் கையெழுத்திடுபவர், கண்டும் பேசாதிருப்பவர் எனப் பலரது ஒத்துழைப்பால்தான் நடக்கிறது, ஆகவே கட்டளைக்குக் கட்டுப்பட்டவர் தம் கையை அதற்குத் தர மறுக்கும்போது அதன் சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது என்பதே இந்நிலைப்பாட்டின் உட்பொருள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் தொழில் தடத்தில், ஆலைச் சங்கு ஒரு நாளைப் பகுக்கும் இடத்தில், இக்கருத்தின் வலுவையும் குறையையும் உரசிப் பார்க்க முடியும்.

வலு மிகத் தெளிவாகத் தெரிவது ஓய்வுநாள் கட்டளையில். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் மூன்றாவதாகவும், ஏனைய சீர்திருத்தச் சபையார் நான்காவதாகவும் எண்ணும் இக்கட்டளை, ஏழில் ஒரு நாள் வேலை நிற்க வேண்டும் என்கிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரம் இதற்குத் தரும் காரணம் கவனத்துக்குரியது: எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொண்டு, வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டுத் தலைவனைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பது அது. ஓய்வு இங்கே விருப்பத்துக்கு விடப்படவில்லை. தேவை மிகுந்தவர் தம் ஓய்வையே விற்க முன்வருவார் என்பதை அறிந்தே, அந்த விற்பனைக்கு இடமின்றிச் செய்துவிடுகிறது கட்டளை.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிசெய்த அத்திருத்தத்துக்கு, வாராந்தர நாற்பத்தெட்டு மணி நேர வரம்பு மாறாது என்பதும், விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதும் அரசுத் தரப்பின் விளக்கங்களாக இருந்தன. ஒப்பந்தக் கூலியில் இருப்பவர், மறுநாள் வேலை உண்டா என்று அறியாதவர், எந்த அளவுக்கு விருப்பமின்மையைச் சொல்ல முடியும் என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்கள் எழுப்பின. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்ட திருத்தம், மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சங்கங்கள் விவிலியத்தை மேற்கோள் காட்டியதில்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் சம்மதம் என்ற சொல்லுக்குள் ஒளியும் வலுவந்தத்தைப் பற்றிய அவர்களின் ஐயமும் ஓய்வுநாள் கட்டளையின் ஐயமும் ஒன்றே. (வார விடுமுறைக்காக 1880களில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண மேகாஜி லோகண்டே கிறித்தவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்வது நலம். கட்டளையின் பயன் அதை நம்புவோருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை.)

இதே மண்ணின் பழைய வரலாறு இக்கருத்தின் இரு முகங்களையும் காட்டுகிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என 1843-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும், கடனால் பிணைக்கப்பட்ட படியாள்முறை தொடர்ந்தது. தரிசு நிலத்துக்குக்கூட மிராசுதார்கள் முன்னுரிமை கோரியதால், பறையர் குடும்பங்களுக்கு நிலம் எட்டாததாகவே இருந்தது. மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய குறிப்பும் அதன் மீது 1892-இல் வந்த அரசாணையும், பின்னர்ப் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தன. அதற்குமுன் மிஷனரிகள் அரசிடம் அளித்த முறையீடும், ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ போன்றோர் தொடுத்த வாதங்களும் அந்த அழுத்தத்தில் பங்கேற்றன. ஆண்ட்ரூவின் முயற்சியில் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் உருவான மெல்ரோசாபுரம் குடியிருப்பு, பிறனுடைய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்ற உபாகம விதியை, கல்லே இல்லாதவனுக்குக் கல் நட்டுக் கொடுக்கும் அளவுக்கு விரித்துக் கொண்ட கீழ்ப்படிதல் எனலாம்.

ஆனால் அதே மிஷனரி உலகம், நிலத்தையும் பாதுகாப்பையும் நாடி வந்தவர்களை உண்மையான நம்பிக்கையுடையவர்கள்தாமா என்று ஐயுறவும் செய்தது. ஆத்துமாவை ஒருபுறமும் வயிற்றை மறுபுறமும் வைத்துப் பார்த்த அந்த அளவுகோல், கட்டளை வழங்கப்பட்ட வரிசையையே மறந்துவிட்டது. யாத்திராகமத்தில் முதலில் நிகழ்வது விடுதலை. சட்டம் அதற்குப் பின்னரே வருகிறது. ஐந்தாம் அதிகாரத்தில், வழிபாட்டுக்கு விடுப்புக் கேட்ட மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசும் பார்வோன், வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டுச் செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்க மறுக்கிறான். இலக்கு எட்டப்படாதபோது அடி வாங்குபவர்கள் அம்மக்களிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள். உற்பத்தி இலக்கின் அழுத்தத்தை அறிந்த எவருக்கும் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. இத்தகைய வேலையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கே பத்துக் கட்டளைகள் தரப்பட்டன. விடுதலையைச் சொல்லாமல் கீழ்ப்படிதலை மட்டும் சொல்லும் போதனை, சீனாயின் பெயரால் பார்வோனின் வேலையைச் செய்து முடிக்கிறது.

இதுவே இம்மரபின் முதற்பெரும் குறை. வேலைக்காரர்கள் எசமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபத்திலும் பேதுருவின் முதல் நிருபத்திலும் வரும் அறிவுரைகளும், அதிகாரத்துக்கு அடங்கும்படி ரோமர் பதின்மூன்றாம் அதிகாரம் கூறுவதும், இறைவனுக்குரிய கீழ்ப்படிதலை மேலே அமர்ந்திருக்கும் எவருக்கும் மாற்றிக் கொடுக்கும் வாய்ப்பைத் திறந்து வைத்துள்ளன. மனிதரைவிட இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலர்களின் மறுப்பும், பார்வோனின் ஆணையை மீறி ஆண் குழந்தைகளைக் காத்த சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகளின் கதையும் அதே விவிலியத்தில்தான் உள்ளன. 1937-இல் சீடத்துவத்தைப் பற்றி எழுதியபோது கீழ்ப்படிதலை நம்பிக்கையிலிருந்து பிரிக்க மறுத்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், பின்னர் இட்லர் எதிர்ப்பு முயற்சியில் ஈடுபட்டு 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். கீழ்ப்படிதல் எங்கே மீறலாக மாற வேண்டும் என்பதை அவர் தம் உயிரைக் கொடுத்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது என்றால், கட்டளைகள் அந்த எல்லையைத் தாமாகக் காட்டித் தருவதில்லை என்பது தெளிவு.

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். மறியல் அரசின் சட்டப்படி குற்றம். அதன் விளைவாகவே விடுதிகளின் நிலை உலகின் பார்வைக்கு வந்தது. சட்டத்துக்கு அடங்குவதை நல்லொழுக்கமாகக் கற்பிக்கும் சபை இவர்களைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்லும் என்பது எளிய கேள்வி அன்று.

இரண்டாவது குறை வேறு வகையானது. கட்டளைகள் ‘நீ’ என்று ஓர் ஆளை விளித்துப் பேசுகின்றன; தொழில் தடத்தின் தீமைகளுக்கோ பல சமயம் ஆளே இல்லை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் விதிக்கிறது. முதன்மை நிறுவனம், ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் அனுப்பும் முகவர் என அடுக்கடுக்காய்ப் பொறுப்புப் பிரியும்போது, அந்த ‘நீ’ யார்? சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி முப்பத்தேழு நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் நடுநாயகமான கோரிக்கை, சங்கத்துக்குப் பதிவும் ஏற்பும் வேண்டும் என்பது. உயர் நீதிமன்றம் வரை சென்ற பதிவு, 2025 சனவரியில் கைகூடியது. கூட்டாகப் பேசும் உரிமையைப் பற்றிப் பத்துக் கட்டளைகளில் நேரடியாக ஒரு சொல்லும் இல்லை. பிறரிடம் அன்புகூர் என்ற பொதுவிதியிலிருந்து அதைத் தருவிக்கலாம்தான். ஆனால் அதே விதியிலிருந்து சமரசத்தையும் பொறுமையையும் தருவிப்பவர்களே மிகுதி.

இக்குறைகளைக் காட்டி இம்மரபைத் தள்ளிவிடுவது அவசர முடிவாகும். தீமையின் அளவைக் கண்டு மலைத்து நிற்பவருக்கு, இன்று செய்யக்கூடாதது இது என்று ஒன்றையாவது உறுதியாகச் சொல்ல அதனால் முடிகிறது. பிழை கட்டளையில் இருப்பதைவிட அது சேர்க்கப்படும் முகவரியில் இருக்கிறது. ஞாயிறு ஷிப்டுக்குப் போனதால் ஆராதனைக்கு வராத தொழிலாளியிடம் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. உபாகமத்தின் அந்த வசனமோ அவரை நோக்கியதே அன்று, அவருக்கு வேலை கொடுப்பவரை நோக்கியது. இத்தடத்தின் சபைகள் அதை அதற்குரியவரிடம், அதாவது அதே ஆராதனையில் அமர்ந்திருக்கக்கூடிய ஒப்பந்ததாரரிடமும் மேலாளரிடமும், வாசித்துக் காட்ட வேண்டும்.