மங்கம்மாள் மண்டபத்தில் ஔரங்கசீப்

சினிமாவுக்குத் தணிக்கை இருக்கிறது, வரலாற்றுக் கண்காட்சிக்கு ஏன் இல்லை என்று கேட்பது இப்போது புத்திசாலித்தனமான கேள்வியாகிவிட்டது. கேட்பவர்களில் மதவாதிகள் மட்டுமில்லை, நல்லிணக்கம் பேசும் நம் நண்பர்களும் இருக்கிறார்கள். திரித்து வரைந்த ஒரு படம் ஊரைக் கொளுத்திவிடும், ஆகவே அரசு முன்கூட்டியே பார்த்து அனுமதி தரட்டும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு சாரார் வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறார்கள். கட்டடம் அரசுடையது, சம்பளம் அரசு தருவது, எதை வைப்பது எதை எடுப்பது என்று அரசே முடிவு செய்தால் அதில் தணிக்கை எங்கே வந்தது என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்ல வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சிக் கோட்டைப் பகுதியும் காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கமும் போதும்.

முன்கதை தெரிந்ததுதான். 1851-ல் சென்னையில் அருங்காட்சியகம் தொடங்கியபோது எட்வர்ட் பால்ஃபருக்குக் கல்லும் கனிமமும் விலங்குமே முக்கியம். வெள்ளை அரசு காட்சிப் பேழையைக் கண்டு பயப்படவில்லை, நாடகத்தைக் கண்டு பயந்தது. 1876-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் சினிமாச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை முன்னிட்டு 1954-ல் சென்னை மாநில அரசு தன் பங்குக்கு ஒரு நாடகச் சட்டம் போட்டது. அதன் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல்தான் ரத்து செய்தது. இடையில் திராவிட இயக்கம் ஆட்சிக்கு வந்து, காட்சியின் அரசியல் வலிமையை மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டு, 1973-ல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் 1976-ல் வள்ளுவர் கோட்டமும் கட்டியது. அரசு தன் கதையைத் தன் செலவில் சொன்ன இடங்கள் இவை. சொல்லட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கண்காட்சிக்கென்று தனித் தணிக்கைச் சட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை. தேவைப்படாததால் வரவில்லை. ஒரு புகாரும் ஒரு காவல் அதிகாரியும் இருந்தால் வேலை முடிந்துவிடும் என்பதை 2008 காட்டியது.

அந்த ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி சென்னை லலித் கலா அகாடமியில் ஔரங்கசீப் பற்றிய கண்காட்சி ஒன்று தொடங்கியது. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பிரான்சுவா கோத்தியே நடத்திவந்த அமைப்பு அதை வைத்தது. முகலாய ஆவணங்களை, குறிப்பாகப் பிகானேரில் உள்ள ஃபர்மான்களை, ஆதாரமாகக் காட்டி, காசியிலும் மதுராவிலும் சோமநாதத்திலும் நடந்த கோயில் இடிப்புகளைப் புதிதாக வரைந்த சிற்றோவியங்களாக மாட்டியிருந்தார்கள். வடக்கே ஏற்கெனவே காட்டப்பட்டதுதான். சென்னையில் ஆற்காடு இளவரசரும் முஸ்லிம் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 9-ஆம் தேதி வரை நடக்க வேண்டிய காட்சியை 6-ஆம் தேதியே காவல்துறை மூடிவிட்டது.

அது மோசமான காட்சி. இடித்ததற்கு ஆவணம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் காசியின் பழைய கோயில்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று 1659-ல் அதே பாதுஷாவின் பெயரில் போன ஃபர்மானும் உண்டு. காசியின் ஜங்கம மடத்துக்கு அவர் ஆட்சியில் கொடுத்த மானியங்களும் உண்டு. இவற்றை விட்டுவிட்டு, ‘ஆவணங்களின்படி ஔரங்கசீப்’ என்ற தோரணையில் ஒரு காட்சி வைப்பவர் வரலாற்றாசிரியரின் வேலையைச் செய்யவில்லை, வழக்கறிஞரின் வேலையைச் செய்கிறார். இதை நான் 2008-லேயே எழுதியிருக்கலாம், ஆனால் எழுத வேண்டிய அவசியத்தையே காவல்துறை இல்லாமல் செய்துவிட்டது. மூடிய மறுநாளிலிருந்து பேச்சு முழுக்க மூடியதைப் பற்றியே போனது. அந்த ஓவியங்களில் எது சரி எது பிசகு என்று தமிழில் ஒரு கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. 1659 ஃபர்மானின் படத்தை எடுத்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்க வேண்டிய வரலாற்றுத் துறைகள் அமைதியாக இருந்துவிட்டன. காட்சி வைத்தவர்கள் அடக்கப்பட்ட உண்மையின் காவலர்கள் என்ற பட்டத்தோடு வெளியே போனார்கள். அந்தப் பட்டத்தை அவர்களுக்குக் கொடுத்தது அரசு.

சட்டமும் அரசின் பக்கம் இல்லை. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 1989-ல் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்தை அடக்க முடியாது, பேசுபவரைக் காப்பாற்றுவது அரசின் கடமை, முடியவில்லை என்று கைவிரிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். நம் ஊர்ப் படத்தை வைத்து எழுதப்பட்ட இந்தத் தீர்ப்பு 2008-ல் அகாடமி இருக்கும் கிரீம்ஸ் சாலைக்கு எட்டவில்லை.

அப்போது இருந்தது திமுக ஆட்சி. ஆட்சி மாறினால் குணம் மாறும் என்று நினைப்பவர்கள் 2013 நவம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சைக்கு அருகே விளாரில், ஈழப் போரின் இறுதி நாட்களைக் கல்லில் செதுக்கி நிறுத்திய முள்ளிவாய்க்கால் முற்றத்தை பழ. நெடுமாறன் திறந்துவைத்த சில நாட்களிலேயே, அதிமுக அரசின் அதிகாரிகள் பொக்லைனோடு வந்து சுற்றுச்சுவரையும் பூங்காவையும் இடித்தார்கள். காரணம், நெடுஞ்சாலைத் துறை நிலம். மத்தியில் பாஜக ஆட்சி, அங்கும் இதே கதைதான். கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017-ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதத்தில் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. அவர் மறுத்தார். அறிக்கை மேசையில் கிடந்தபோதே, 2023 மார்ச்சில், மாநில அரசு கீழடியில் தன் அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டது. ஒரு துறை தாமதத்தால் தணிக்கை செய்கிறது, இன்னொரு துறை நில அளவையால் செய்கிறது, மூன்றாவது துறை சட்டம் ஒழுங்கால் செய்கிறது. மூன்று கட்சிகளும் கையாண்டு பார்த்த கருவி இது. இதற்குத் தணிக்கை வாரியம் என்று பெயர் வைத்து, முத்திரையும் கொடுத்து, நிரந்தரமாக்கச் சொல்கிறார்கள் நம் நண்பர்கள்.

உலகத்தில் நடந்ததும் வேறல்ல. 1995-ல் வாஷிங்டனில், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை வைத்துத் திட்டமிட்ட காட்சியை முன்னாள் படைவீரர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் நெருக்கிக் கைவிடச் செய்தார்கள். இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். பிறகு விமானத்தின் உடற்பகுதியைக் காட்டினார்கள், குண்டு விழுந்த ஊரின் கதையைச் சுருக்கிவிட்டார்கள். நமக்கு அதைவிட நெருக்கமானது பரோடா. 2007 மே மாதத்தில் சந்திரமோகன் என்ற மாணவரின் தேர்வுப் படைப்புகளுக்காக அவரைக் கைது செய்தார்கள். அதற்கு எதிர்வினையாக, இந்தியக் கலையில் காமம் எப்படியெல்லாம் செதுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் பழைய படங்களைத் துறையின் சேகரிப்பிலிருந்து எடுத்து மாணவர்கள் காட்சிக்கு வைத்தார்கள். அதை அகற்ற மறுத்த பொறுப்பு டீன் சிவாஜி பணிக்கர் இடைநீக்கம் செய்யப்பட்டார். நூற்றாண்டுகளாகக் கோயில் சுவர்களில் இருப்பவற்றின் புகைப்படம் ஒரு பேராசிரியரின் வேலைக்கு உலை வைத்தது.

பரோடாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தின் தந்தச் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். நாயக்கர் காலத்து வேலை. கைக்குள் அடங்கும் உருவங்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள், அருகே தேவியர். இடுப்புக் கச்சையின் மடிப்பு, தொங்கும் முத்துச்சரம், கொண்டையின் சாய்வு என்று ஒன்றுகூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றோடு தழுவி நிற்கும் காதல் இணைகளும் உண்டு. பல்லாண்டுகளாகச் சேவிக்க வருகிற குடும்பங்கள் குழந்தைகளோடு பார்த்துவிட்டுப் போகின்றன. வைதிகத்தின் கோட்டை என்று சொல்லப்படும் ஊரில், அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் கோயிலில், இதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

காமத்தை விடுவோம். ரத்தம் சிந்திய நினைவை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கும் இந்த ஊர்தான் எனக்குப் பாடம். 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்ததைக் கோயிலின் வரலாற்று ஏடான ‘கோயிலொழுகு’ ஒளிக்கவில்லை. பன்னீராயிரம் பேர் தலை விழுந்ததாக அது சொல்லும். எண்ணிக்கை மரபுக்குரியது, இழப்பு மெய்யானது. உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போன பிள்ளை லோகாசாரியர் திரும்பவில்லை. கோபுரத்திலிருந்து தளபதியைத் தள்ளித் தானும் விழுந்த வெள்ளை என்ற தாசியின் பெயரை இன்றும் கிழக்கில் வெள்ளைக் கோபுரம் சுமக்கிறது. 1371-ல் விஜயநகரத்துக் கோபணாரியன் உற்சவ மூர்த்தியைக் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், அர்ஜுன மண்டபத்தை ஒட்டி, துலுக்க நாச்சியார் இருக்கிறாள். சிலை இல்லை, சுவரில் தீட்டிய ஓவியம். பெருமாளைத் தேடி டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் என்கிறது மரபு. அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள், குறிப்பிட்ட திருமஞ்சன நாட்களில் கைலி சாற்றுகிறார்கள். படையெடுத்தவனையும் மறக்கவில்லை, அவன் வீட்டுப் பெண்ணையும் வெளியே நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே கோயில் ஒரே மூச்சில் சொல்கிறது. கோத்தியேயின் காட்சி முதல் பாதியோடு நின்றுவிடும். நம் நல்லிணக்கவாதிகள் இரண்டாம் பாதியை மட்டும் பலகையில் எழுதுவார்கள்.

ஔரங்கசீப் திருச்சிக்கு அந்நியரும் இல்லை. சொக்கநாத நாயக்கர் கட்டி, இன்று அவர் மனைவி மங்கம்மாள் பெயரால் அழைக்கப்படும் தர்பார் மண்டபத்தில்தான் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே வெட்டவெளியில் கற்சிற்பங்கள், உள்ளே நாணயங்கள், புதைபடிவங்கள், பாடம் செய்த பறவைகள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பறவைகளின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். பாதுஷாவின் செருப்பை யானைமேல் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தபோது, மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் அதை வணங்காமல் தன் காலில் மாட்டிக்கொண்டான் என்ற கதை இந்த அரண்மனையைச் சுற்றித்தான் உலவுகிறது. மகன் இறந்தபின் ஆட்சிக்கு வந்த மங்கம்மாள் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குத் திறை கட்டி நாட்டைக் காத்தாள். மகனின் வீம்பும் தாயின் விவேகமும் ஒரே வீட்டில் இருந்தன. ஔரங்கசீப்பைப் பற்றிய காட்சிக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான கூடம் எனக்குத் தெரியாது.

நம் மாவட்ட அருங்காட்சியகங்களின் விளக்கப் பலகைகள் பெரும்பாலும் பொருளின் பெயர், காலம், கிடைத்த ஊர் என்று மூன்று வரியில் முடிந்துவிடுகின்றன. யாரும் தடை போட்டு அப்படி ஆகவில்லை. நாலாவது வரி எழுதினால் யாராவது புகார் கொடுப்பார்கள், மேலிடம் விளக்கம் கேட்கும், தன்னைக் காப்பாற்ற ஆள் இல்லை என்று காப்பாட்சியருக்குத் தெரியும். 2008-ல் மூடிய கதவின் விளைவு அந்த எழுதப்படாத நாலாவது வரியில் இருக்கிறது. வாரியம் வந்தால் மூன்றாவது வரியும் போய்விடும்.

கொலைக்கு அழைக்கும் காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். தண்டனைச் சட்டம் இருக்கிறது, பகை மூட்டுவது குற்றம், வழக்குப் போடட்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்தில் ஆணை வேண்டும். எந்தப் படம், எந்த வாசகம், எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மறுநாளே நீதிமன்றத்துக்குப் போக முடிய வேண்டும். அரசின் சொந்தச் சுவரிலும் எதை எப்படிச் சொல்வது என்பதை அமைச்சர் முடிவு செய்யக்கூடாது, காப்பாட்சியரும் துறை அறிஞர்களும் முடிவு செய்து தங்கள் பெயரைக் கீழே போட வேண்டும். வரிப்பணத்தில் கட்டிய சுவர் ஆளுங்கட்சியின் சுவர் ஆகாது.

நான் கேட்பது ஒரு காட்சி. மங்கம்மாள் மண்டபத்தில், 1323 முதல் மங்கம்மாள் காலம் வரை. கோபணாரியன் கல்வெட்டின் மைப்படி, கோயிலொழுகின் சுவடிப் பக்கங்கள். மதுரை சுல்தான் கியாசுதீனின் சகலையாக இருந்தும் அவன் கொடுமைகளை வெறுத்து எழுதிவைத்த இபன் பதூதா. பாழடைந்த ஸ்ரீரங்கத்தைக் காவியத்தில் பாடிய கங்காதேவி. துலுக்க நாச்சியாரின் ஓவியத்துக்கு ஒரு நல்ல நிழற்படம். இடிக்கச் சொன்ன ஃபர்மானும் இடிக்காதே என்ற 1659 ஃபர்மானும் அடுத்தடுத்து. செருப்புக் கதைக்கு ‘வழக்குக் கதை’ என்ற குறிப்பு. 1795-ல் இறந்த ஆற்காடு நவாப் முகமது அலி திருச்சி நத்தர்வலி தர்காவில் அடங்கியிருக்கிறார். அவர் வழிவந்த ஆற்காடு இளவரசரைத் திறப்பு விழாவுக்கு அழைக்கலாம், கோத்தியேயையும் அழைக்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து பொருள் வர அறநிலையத் துறை கையெழுத்துப் போட வேண்டும், மண்டபத்தைத் தர அருங்காட்சியகங்கள் துறை கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு துறைகளும் ஒரே அரசின் கீழ்தான் இருக்கின்றன. விண்ணப்பத்தை எழுத வேண்டியவர்கள் திருச்சிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினர்.