கழற்றி மாட்டும் கலை: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்பதன் நிறையும் குறையும்

கோவென்ட்ரி நகரத்துக்கு அருகில் மெரிடனில் இருந்த ட்ரையம்ப் ஆலை 1983-ல் மூடப்பட்டது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. அதற்குப் பத்தாண்டு முன்பே சரிந்துவிட்டது. இருந்தும் அந்த ஆலைகளில் செய்த வண்டிகள் பிரிட்டனின் கிராமச் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. தயாரித்தவர்கள் போன பிறகும் வண்டிகள் ஓடுவதற்கு வைத்திருப்பவர்களின் கைவேலைதான் காரணம். அந்தக் கைவேலைக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். அதற்குள் நுழைந்துவிட்ட தவறான பழக்கங்களையும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இந்த வண்டிகளின் பெரிய பலம், பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பது. 1959-ல் வந்த ட்ரையம்ப் பான்வில் 650 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுவது ஒரு காலைப்பொழுது வேலை. எந்தப் பாகமும் திறக்க முடியாதபடி மூடி வைக்கப்படவில்லை. கேபிள், கேஸ்கட், பிஸ்டன் ரிங் முதல் அமால் கார்புரேட்டர் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் போன்ற அமைப்புகள் பழைய கையேடுகளையும் தயாரிப்புப் பதிவேடுகளையும் காத்து வருகின்றன. கெட்டுப்போனால் தூக்கி எறி என்று பழக்கப்பட்ட காலத்தில், எழுபதாண்டு வயதான எந்திரத்தை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் பூட்ட முடிகிறது. நான் இந்தப் பழக்கத்தின் பக்கம் நிற்க இது ஒன்றே போதும்.

ஆனால் எளிமையான எந்திரம் என்பதால் அலட்சியத்தை அது பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணக்கூடாது. ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. இரட்டை சிலிண்டர் எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்டுக்குள் கசடு சேரும் குழாய் ஒன்று இருக்கிறது. அந்த எஞ்சின்களில் எண்ணெயை வடிகட்டக் கம்பி வலை மட்டுமே உண்டு. அதைத் தாண்டி வரும் உலோகத்தூளும் கரியும், கிராங்க் சுழலும் வேகத்தில் ஓரத்துக்கு வீசப்பட்டுக் குழாய்க்குள் படியும். ஆண்டுக்கணக்கில் படிந்தால் கெட்டியான களிமண் போல அடைத்துக்கொள்ளும். பிறகு பிக் எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கனெக்டிங் ராட் உடைந்து கிராங்க் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த எஞ்சின்கள் பல. அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும். இறுகிப்போன மூடித் திருகைச் சூடேற்றிக் கழற்ற வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பளபளக்கும் டேங்கையும் புது க்ரோமையும் பார்த்து வண்டி வாங்குகிறவர் ஏமாறும் இடம் இதுதான்.

எண்ணெய்க் கசிவின் கதையும் இப்படித்தான். கிராங்க் கேஸ் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து இணைவது, எஞ்சினுக்குள் எழும் அழுத்தம் வெளியேறச் சரியான வழி இல்லாதது, தேய்ந்த பழைய கருவிகளில் கடைந்தது ஆகியவை உண்மைக் காரணங்கள். இணையும் முகங்களைச் சமப்படுத்தி, அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதரைச் சீராக்கினால் கசிவு பெரும்பாலும் நிற்கும். அதைச் செய்யாமல் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுகிறார்கள். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கிறது. வண்டி பல வாரம் நின்றால் எண்ணெய் டேங்கில் உள்ள எண்ணெய் பம்ப் வழியே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும் தொல்லையும் உண்டு. அதைத் தடுக்கச் சிலர் எண்ணெய்க் குழாயில் கைத்திருகு வால்வு வைக்கிறார்கள். திறக்க மறந்து கிக்கரை உதைத்து ஓட்டினால், எஞ்சின் எண்ணெயில்லாமல் சில நிமிடங்களில் இறுகிப்போகும். சிறு குறையைத் தீர்க்கப் போய்ப் பெருங்கேட்டை வரவழைக்கும் வைத்தியம் இது. கையில் ஸ்பேனர் இருப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது. காரணம் அறிந்து கை வைப்பதே பராமரிப்பு.

மாற்றியமைக்கும் பழக்கத்துக்கு வருவோம். பெல்ஃபாஸ்டின் மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் உருவாக்கிய ஃபெதர்பெட் ஃபிரேமோடு 1950-ல் நார்ட்டன் நிறுவனம் பந்தயத்தில் இறங்கியது. அவ்வாண்டே ஐல் ஆஃப் மேனில் ஜெஃப் டியூக் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றார். வளைவுகளில் அந்த ஃபிரேமுக்கு நிகர் இல்லை. அன்று 500 சி.சி. கார்ப் பந்தயக்காரர்களுக்கு நார்ட்டன் எஞ்சின் வேண்டியிருந்தது. நிறுவனம் எஞ்சினைத் தனியாக விற்கவில்லை. முழு வண்டியை வாங்கி எஞ்சினை எடுத்துக்கொண்டு ஃபிரேமை ஒதுக்கினார்கள். அந்த ஃபிரேமில் ட்ரையம்ப் எஞ்சினை ஏற்றியபோது பிறந்தது ட்ரைட்டன். லண்டன் வடக்கு வட்டச் சாலையின் ஏஸ் கஃபே இளைஞர்கள் அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். 1965-ல் பார்சலோனா 24 மணி நேரப் பந்தயத்தை டேவ் டீஜென்ஸும் ரெக்ஸ் புட்சரும் ட்ரைட்டனில் வென்றார்கள். ஆலைகள் தராத வண்டியைப் பட்டறைக்காரர்கள் தந்தார்கள். மாற்றியமைப்பதே பாவம் என்போருக்கு இந்த வரலாறு போதுமான பதில்.

அதே வரலாற்றுக்கு மறுபக்கமும் இருக்கிறது. மிஞ்சிய ஃபிரேமில் தொடங்கியது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நார்ட்டன் டாமினேட்டரை உடைத்து ஃபிரேம் எடுப்பதில் முடிந்தது. ஒரு ட்ரைட்டனுக்காக இரண்டு முழு வண்டிகள் அழிந்தன. இன்றும் வண்டியைப் பந்தயத் தோற்றத்துக்கு மாற்றும் கஃபே ரேசர் மோகத்தில் பின் ஃபிரேமை அறுக்கிறார்கள். மட்கார்டு தாங்கிகளை வெட்டி எறிகிறார்கள். அறுத்த ஃபிரேமை மீட்பது அரிது.

எதிர்ப்புறத்தில் அசல் வெறி. ஒவ்வொரு போல்ட்டும் ஆலையில் பூட்டியதாகவே இருக்க வேண்டும், எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் பொருந்த வேண்டும் என்று விலை பேசுகிறார்கள். அதனால் எண்ணைச் சுரண்டி மறுபடி பொறிக்கும் மோசடி வளர்ந்தது. 2003-ல் தீப்பிடித்த பிரிட்டனின் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் கருகின. அவற்றில் பலவற்றை மீண்டும் கட்டியெழுப்பினார்கள். அசல் மட்டுமே மதிப்பு என்றால் அந்த உழைப்புக்கு மதிப்பில்லை என்றாகும். அதை நான் ஏற்கவில்லை.

இரு தரப்புக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் உண்டு: செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஆறு வோல்ட்டுக்குப் பதில் பன்னிரண்டு வோல்ட், நல்ல முகப்பு விளக்கு எல்லாம் இந்த அளவுகோலில் தேறும். பழைய பாகத்தைப் பெட்டியில் வைத்தால் அடுத்த உடைமையாளர் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமை அறுப்பது தேறாது.

ஓட்டுவதில் அழகும் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இன்றைய வண்டிக்கு நேர் எதிர். அவசரத்தில் பழகிய கால் தப்பான இடத்தில்தான் மிதிக்கும். டிரம் பிரேக் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. பிரிட்டனில் 2018 முதல் நாற்பதாண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இதைச் சலுகையாகக் கொண்டாடுவது தவறு. விருப்பத்தின் பேரில் சோதனைக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது, கொண்டுபோவதே முறை. 2021 முதல் அங்கே வழக்கமான பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பரையும் ஃபைபர் கிளாஸ் டேங்கையும் அரிக்கிறது. உள்தடுப்பு (பேஃபிள்) இல்லாத சைலன்சரோடு ஊருக்குள் உறுமிப் போவதும் நியாயமில்லை. அந்தச் சத்தம்தான் பொதுமக்களை இந்த வண்டிகளுக்கு எதிரிகளாக்குகிறது.

ஓட்டாமல் வைப்பது இவை எல்லாவற்றையும் விடக் கெடுதல். நின்ற வண்டியில் சீல் காய்கிறது, கார்புரேட்டர் அடைக்கிறது, பேரிங் துருப்பிடிக்கிறது. ஓட்டினால்தான் வண்டி பிழைக்கும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிச் நகரிலிருந்து சென்னைக்கு வந்த என்ஃபீல்ட் புல்லட், அந்நாட்டு நிறுவனம் 1970-ல் முடிந்த பிறகும் திருவொற்றியூரில் தொடர்ந்து தயாரானது. காவல்துறையும் ராணுவமும் வணிகர்களும் அன்றாடம் ஓட்டினார்கள். அதனால் பாகமும் கிடைத்தது, மெக்கானிக்கும் கிடைத்தார். பின்னாளில் அந்த வண்டி பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பயன்பாடு இருந்த இடத்தில் வித்தை பிழைத்தது.

இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை, வித்தை வயதானவர்களிடம் தேங்கிக் கிடப்பது. விலை ஏறியதால் இளைஞர்கள் நெருங்க முடியவில்லை. அன்றைய கையேடுகளோ பட்டறை அனுபவம் உள்ளவருக்காக எழுதப்பட்டவை. பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனரைப் பிடித்தறியாதவருக்கு அவை புரியாது. எனவே இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதி வையுங்கள், கழற்றிய பாகத்தை எறியாதீர்கள், ஃபிரேமில் ரம்பம் வைக்காதீர்கள். அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது ஓர் இளைஞரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பேனரை அவர் கையில் கொடுங்கள்.