காமன் கூத்தும் நம் கலை விமர்சனமும்

பொகவந்தலாவைக்கு வரும் வெளிநாட்டார் சிலர் தேயிலையைப் பார்க்க வருவதில்லை. அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லைத் தேடி வருகிறார்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே துயில்கிறார். புகைப்படத்தை ஒரு கலையாக உயர்த்தியவர்களுள் முதல் வரிசையில் வைக்கப்படுபவர் அவர். கவி டென்னிசனும் விஞ்ஞானி டார்வினும் அவருடைய கருவியின் முன் அமர்ந்தவர்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 சனவரியில் இம்மலைச்சாரலில் இறந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் சாதாரணமானவரல்லர்; 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் ஆராய்ந்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் அங்கத்தவர்; பின்னாளில் இந்நாட்டிலேயே கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். 1880இல் அவரும் அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய முப்பதுதான். அவற்றில் பல, பெரும்பாலும் களுத்துறைப் பகுதியில் எடுக்கப்பட்ட, உழைக்கும் மக்களின் படங்கள். அம்முகங்களில் சோகமும் கம்பீரமும் உண்டு. கலைஞரின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்னிசனின் படத்தின் கீழ் டென்னிசன் என்ற பெயர் இருக்கிறது. டார்வினின் படத்தின் கீழ் டார்வின் என்ற பெயர் இருக்கிறது. இந்த மக்களின் படத்தின் கீழோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பது போன்ற பொதுப்பெயர்தான். அந்தக் கிழவர் யார், அந்தச் சிறுமி யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இதை ஒரு தனி மனிதரின் குற்றமாக நாம் சொல்லவில்லை. உழைப்பவனுக்குப் பேரேட்டில் எண்ணும் கூலியும் போதும், பெயர் வேண்டாம் என்று கருதிய ஒரு சமுதாய அமைப்பின் பழக்கம் அது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பழக்கத்திலிருந்து நம்முடைய கலை விமர்சனம் விடுபட்டுவிட்டதா?

கமரன் அம்மையாரின் கல்லறையைச் சுற்றியுள்ள மலைகளெங்கும் தோட்டங்கள், தோட்டங்கள்தோறும் லயங்கள். கொட்டியாகலை, கெம்பியன் என்று நீளும் இத்தோட்டங்களிலும், மலையகத்தின் பிற பகுதிகளிலும், மாசி மாதம் பிறந்தால் மக்கள் காமன் கூத்துக்கு ஆயத்தமாவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும்போது காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கிப் பல இரவுகள் பாட்டும் ஆட்டமும் நிகழும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். வேடம் தரித்தவர்கள் லயம் லயமாக வருவார்கள்; வாசலில் விளக்கேற்றி வைத்து மக்கள் வரவேற்பார்கள். தூதன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மன்மதன் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். பின்னர் மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுவதோடு கூத்து முடியும்.

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அழைத்து வரப்பட்ட மக்கள், தம் துணிமூட்டையோடு கொண்டு வந்த செல்வம் இது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இதனோடு வந்தவையே. எனினும் மலையகத்தில் மற்ற இரண்டையும்விட ஆழமாக வேரூன்றியது காமன் கூத்துத்தான். ஏன்?

சமய நம்பிக்கை என்பது ஒரு விடை. அது முழு விடையன்று. நம் அபிப்பிராயத்தில் கூத்தின் கதையமைப்பிலேயே அதற்கான விடை இருக்கிறது.

காமதகனம் தமிழுக்குப் புதிதல்ல. காளிதாசனின் குமாரசம்பவத்தில் அது உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அதற்குத் தனிப்படலமே உண்டு. ஆனால் அந்தக் காவியங்களில் மன்மதன் எரிவது ஒரு படி மட்டுமே. அந்தப் படியைத் தாண்டிப் பார்வதி கல்யாணத்துக்கும், குமரனின் பிறப்புக்கும், அசுரர் வதத்துக்கும் கவிகள் போய்விடுகிறார்கள். தேவர்களின் காரியம் நிறைவேறியாக வேண்டும் அல்லவா? காமன் கூத்து அவ்வாறு போவதில்லை. அது சாம்பலருகே நின்றுவிடுகிறது. காவியத்தில் இடைநிகழ்ச்சியாக இருந்ததைக் கூத்து முழுக் கதையாக்கிவிட்டது. இது பாமரனின் அறியாமை அன்று. தேர்ந்த ஒரு கலைத் தீர்மானம்.

மன்மதன் செய்த பிழை என்ன? அவன் தன் விருப்பத்துக்காகத் தவத்தைக் கலைக்கப் போகவில்லை. தேவர்களின் தேவைக்காக அனுப்பப்பட்டான். போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். அவர்களின் தர்க்கம் கூத்தின் உயிரான பகுதிகளில் ஒன்று. அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். ஆயினும் ஏவலை மறுக்க அவனால் முடியவில்லை. போகிறான், எரிகிறான். ஏவியவர்கள் எரியவில்லை. எரித்தவரிடமும் ஏவியவர்களிடமும் நியாயம் கேட்கும் ஒரே குரல் ரதியுடையது.

பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மழையிலும் பனியிலும் ஏவிய மலைக்கு ஏறிப் பழகிய மக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல எந்தப் பிரசங்கியும் தேவைப்பட்டிருக்க மாட்டான். கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மலைநாட்டுக்கு நடந்த பாதையில் தன் ஆளைப் பறிகொடுத்த பெண்ணுக்கு ரதி அந்நியள் அல்லள். அவள் பாடும் ஒப்பாரி, லயத்துக் காம்பராவில் மரணம் நேர்ந்த ஒவ்வொரு நாளும் பெண்கள் பாடிய ஒப்பாரியின் உடன்பிறப்பு. இதை மக்கள் வாய்விட்டுச் சொன்னார்களா என்று சிலர் கேட்கலாம். கலை எப்போதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தக் கதையை ஒரு மக்கள் கூட்டம் தன்னுடையதாகத் தேர்ந்துகொள்கிறது, அதில் எந்த இடத்தில் நின்று அழுகிறது என்பதே அதன் வாக்குமூலம்.

அந்த அழுகை பொட்டலோடு நிற்கவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கு போட்டது. பங்கு பிரிந்தது எண்களல்ல. தாயும் மகளும் பிரிந்தார்கள். தப்படிப்பவனும் பாட்டெடுப்பவனும் பிரிந்தார்கள். தலைமன்னாரை நோக்கி மக்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அரசாங்கம் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் வரலாற்றில் நிலைத்தது இந்தப் பெயர்தான். ரதியின் குரலைத் தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய மக்களால் தான் ஒரு புகைவண்டிக்கு இப்படிப் பெயரிட முடிந்தது என்று நாம் கருதுகிறோம்.

இனித் தப்பைப் பற்றிப் பேச வேண்டும். வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றும் இந்தத் தோற்கருவி இல்லாமல் காமன் கூத்து இல்லை. ஆட்டக்காரனின் அடவு தப்பின் அடிக்குக் கட்டுப்பட்டது. திருமணத்துக்கு ஓர் அடி, தகனத்துக்கு ஓர் அடி. தோட்டங்கள் தோன்றிய காலத்தில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புத்தான். விடியலில் அது துரையின் குரல். மாசி இரவில் அது மக்களின் குரல். நாள் முழுவதும் தமக்குச் சொந்தமில்லாத நேரத்தில் உழைத்த மக்கள், உறக்கத்தை இழந்து சம்பாதித்த சில இரவுகளில் அதே கருவியைத் தமக்காக முழங்கச் செய்தார்கள். இதனினும் பெரிய உரிமைக் குரல் ஒன்றை அந்தக் காலத்துத் தோட்டத்தில் வேறெங்கே கேட்டிருக்க முடியும்?

இத்தகைய ஒரு கலையை நம் விமர்சனம் எப்படி நடத்தியிருக்கிறது? 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துக்குப் புதுவாழ்வு கொடுத்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற அரங்குகள் படித்தவர்களின் கண்களைத் திறந்தன. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் யாருமிலர். ஆனால் அவற்றுக்கு ஆதாரமானவை மட்டக்களப்பின் கூத்துகள். பேராதனை மலையகத்தின் வாசலிலேயே இருக்கிறது. அந்த வாசலுக்கு அப்பால் முழங்கிய தப்பின் ஓசைக்கு அந்த மறுமலர்ச்சியில் பங்கு கிடைக்கவில்லை.

சேகரித்தவர்கள் இல்லாமற் போகவில்லை. தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுதியைத் தந்தார். சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் வாய்மொழி இலக்கியத்தையும் பாரம்பரியக் கலைகளையும் பற்றி நூல்கள் எழுதினார்கள். இவர்கள் மலையகத்தின் உள்ளிருந்தே எழுந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. வெளியிலிருந்த விமர்சகர்களோ இரண்டு வழிகளில் தவறினார்கள். ஒரு சாரார் இப்பாடல்களைத் துயரத்தின் சாட்சியமாக மட்டுமே படித்தார்கள். பொருளை எடுத்துக்கொண்டு பாட்டைக் கீழே போட்டார்கள். மற்றொரு சாரார் அழிந்து வரும் பழமை என்று பரிதாபப்பட்டார்கள். இது நல்ல கூத்தா, எந்த இடத்தில் நல்லது, எந்த இடத்தில் தளர்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. பரிதாபம் விமர்சனத்துக்கு ஈடாகாது. ஒரு கலைஞனை மதிக்கிறோம் என்றால் அவனுடைய குறையையும் அவனிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே குறைகளையும் சொல்வோம். முதலாவது, தப்படிப்பவரின் நிலை. அவர் கலைக்குக் கூத்து முழுவதும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் சாதியின் பேரால் அவரைப் பொட்டலின் ஓரத்தில் நிறுத்தி, மரியாதையைக் கங்காணி குடும்பத்துக்குக் கொடுத்த வரலாறும் இதே பொட்டலுக்கு உண்டு. துரையின் அநியாயத்தைக் கண்ட கண், பக்கத்து லயத்து மனிதனுக்கு இழைத்த அநியாயத்தைக் காணவில்லை. இரண்டாவது, ரதியின் வேடத்தை ஆண்கள் தரிப்பதே மரபு. கொழுந்தெடுப்பதில் முதுகெலும்பாக இருப்பவர்கள் பெண்கள். ஒப்பாரி என்ற வடிவமே பெண்களின் சிருஷ்டி. அந்தச் சிருஷ்டியைப் பொட்டலில் நிகழ்த்தும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றால் அதை மரபு என்று சொல்லி மழுப்பக் கூடாது. மூன்றாவது, ரதியின் கேள்வி வரத்தில் போய் முடிகிறது. நியாயம் கேட்டவளுக்கு அருள் கிடைக்கிறது, நியாயம் கிடைக்கவில்லை.

இதைக் காரணங்காட்டி, ‘மூடநம்பிக்கையில் ஊறிய கூத்து நமக்கெதற்கு?’ என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் மலையகத் தொழிற்சங்க வரலாற்றிலேயே இருக்கிறது. 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யருக்குத் துணைநின்ற மீனாட்சி அம்மை, கூட்டங்களில் வெறும் பிரசங்கம் செய்யவில்லை, பாடினார். மக்களின் காதில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளில் உரிமையின் செய்தியைப் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாகவும் வந்தன. வடிவம் மக்களுடையதாக இருந்தால் புதிய பொருளை ஏற்க அது தயங்குவதில்லை. தயங்குவது நாம்தான்.

காலம் மாறிவிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கியது. 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து, முன்னோர் நடந்த பாதையை நினைவுகூர்ந்தார்கள். லயத்து இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகிறார்கள். மாசியில் விடுமுறை கிடைத்தால் வேடம் கட்ட ஊருக்கு வருகிறவர்களும் அவர்களில் உண்டு. கூத்து செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சரமகவி பாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று லாவணிக்காரர்கள் கட்சி கட்டி வாதிடுவது தஞ்சை வட்டாரத்து வழக்கம். நாம் எரியாத கட்சிக்காரர்கள்.

மலையகத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு தப்புக் கலைஞரின் பேரப்பிள்ளை இருக்கக்கூடும். ஒரு கூத்து வாத்தியாரின் கொப்பி ஏதோ ஒரு காம்பராவின் தகரக் கூரையடியில் ஈரம் குடித்துக் கிடக்கக்கூடும். அதைப் பார்த்து எழுதி வையுங்கள். பாட்டை மட்டுமல்ல, பாடியவரின் பெயரை, அவர் எந்தத் தோட்டத்தவர், யாரிடம் கற்றார் என்பதை, எந்த அடவில் அவர் மற்றவரினும் சிறந்தவர் என்பதை எழுதுங்கள். ரதி வேடத்துக்கு ஒரு மாணவி முன்வந்தால் அவளுக்காகப் பொட்டலில் வாதாடுங்கள். தப்படித்தவருக்கு மேடையில் முதல் நாற்காலி போடுங்கள்.

பொகவந்தலாவையின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கலைஞரின் பெயர் கல்லில் இருக்கிறது. அது இருக்க வேண்டியதே. அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் அந்த மலைகளில் ஆடியும் பாடியும் மறைந்தவர்களுக்குக் கல் நாட்ட நம்மால் இயலாது போகலாம். பெயர் எழுத இயலும். நம் விமர்சனம் அங்கிருந்து தொடங்கட்டும்.