‘நாங்கள்’ என்பதும் ‘நாம்’ என்பதும்: ஜூடித் ஹியூமனின் தன்வரலாற்றில் உரிமைக்குரலும் தலைமையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் ஜூடித் ஹியூமன் (1947–2023). கிறிஸ்டன் ஜாய்னருடன் இணைந்து அவர் எழுதிய ‘பீயிங் ஹியூமன்’ (2020) என்னும் தன்வரலாற்று நூலை, தமிழ் இலக்கணத்தின் தன்மைப் பன்மைப் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, மாற்றுத்திறனாளிகள், உரிமைக்குரல், தன்மைப் பன்மை, தலைமை.

முன்னுரை

மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தன்னம்பிக்கை நூல்களாக வாசிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாசிப்பில் தடை உடலுக்குரியதாகவும் வெற்றி மன உறுதிக்குரியதாகவும் சுருங்கிவிடுகின்றன. படிக்கட்டும் சட்டமும் அலுவலகமும் பார்வைக்கு வருவதில்லை.

இவ்வியக்கத்தின் முழக்கத்தையே தலைப்பாகக் கொண்ட ஜேம்ஸ் சார்ல்டனின் நூல் 1998இல் வெளிவந்தது. 1993இல் தென்னாப்பிரிக்காவின் மாற்றுத்திறனாளித் தலைவர்களிடமிருந்து அம்முழக்கத்தைக் கேட்டதாக அவர் பதிவு செய்துள்ளார். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்போரை உள்ளடக்குகிறதா விலக்குகிறதா என்பதைக் காட்டாது. தமிழில் அம்முழக்கத்தைப் பெயர்ப்பவர் ‘எங்களை விடுத்து எங்களைப் பற்றி எதுவும் வேண்டா’ என்பதா, ‘நம்மை விடுத்து நம்மைப் பற்றி எதுவும் வேண்டா’ என்பதா எனத் தேர்ந்தாக வேண்டும். முழக்கம் அதிகாரத்தை நோக்கி எழுப்பப்படுவதால் முன்னதே பொருந்தும். அவ்விலக்கல் பகையன்று, அனுபவ அறிவு யாருக்குரியது என்பதை வரையறுக்கும் செயலாகும்.

மறுப்பிலிருந்து ‘நாங்கள்’

ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட ஹியூமன், ஐந்து வயதில் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, சக்கர நாற்காலியில் இருப்பவர் தீ விபத்துக் காலத்தில் இடையூறாவார் எனக் கூறித் திருப்பி அனுப்பப்பட்டார். 1970இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் அதே வகைக் காரணத்தைக் காட்டி அவருக்கு ஆசிரியர் உரிமம் வழங்க மறுத்தது. முதல் மறுப்பின்போது அவருக்காகப் பேசியவர் தாய். இரண்டாம் மறுப்பின்போது அவரே வழக்குத் தொடுத்தார். ஒரே சாக்கு இருமுறை வருவதும், பேசுபவர் மாறியிருப்பதும் நூலின் முற்பகுதிக்குக் கட்டுக்கோப்பைத் தருகின்றன.

வழக்கை ஒட்டி, ‘டிசேபிள்டு இன் ஆக்ஷன்’ என்னும் அமைப்பை அவரும் தோழர்களும் தோற்றுவித்தனர். ஒருவரது வேலை குறித்த பிணக்கு பலரது கோரிக்கையாக மாறிய இடம் இது. தன்னம்பிக்கை வாசிப்பு வழக்கின் வெற்றியோடு நின்றுவிடும். நூலோ அவ்வெற்றியைத் தொடக்கமாகவே கொள்கிறது.

‘நாம்’ உருவாகும் இடம்

1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, நடுவணரசின் நிதியுதவி பெறும் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆயினும் அதற்கான விதிமுறைகள் நான்காண்டுகளாகக் கையொப்பமிடப்படவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நடுவணரசு அலுவலகக் கட்டடத்துள் புகுந்து அங்கேயே தங்கினர். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, செவித்திறன் குறையுடைய போராளர்கள் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியுலகோடு தொடர்பு கொண்டனர். குறையெனக் கருதப்பட்டது அங்குப் போராட்டத்தின் வலிமையாயிற்று. போராட்டத்தில் பங்கேற்ற பிராட் லோமாக்ஸ் கருஞ்சிறுத்தைக் கட்சியின் உறுப்பினர். அக்கட்சி நாள்தோறும் உணவு கொண்டுவந்தது.

முற்றுகையின் இடையே கட்டடத்துள் நடந்த விசாரணையில், ஹியூமன் பேசும்போது அரசு அதிகாரி ஒருவர் ஆமோதித்துத் தலையசைக்கிறார். புரியாத ஒன்றுக்கு அவ்வாறு தலையசைப்பதை நிறுத்துமாறு அவர் கண்கலங்கிக் கேட்கிறார். அதிகாரியின் தலையசைப்பு, பொறுப்பேதும் ஏற்காமல் ‘நாம்’ எனச் சேர்ந்துகொள்ள முயல்வது. ஹியூமனின் மறுமொழி அதனை ‘நாங்கள்’ என நிறுத்துவது. ஆனால் உணவு சுமந்து வந்தவர்களுடன் ‘நாம்’ இயல்பாகவே உருவாகிறது. பரிவு தராத உரிமையைப் பங்கேற்பு தருகிறது. ஏப்ரல் 28 அன்று விதிமுறைகள் கையொப்பமாயின.

வடிவத்தின் எல்லை

கிட்டி கோன், லோமாக்ஸ் முதலியோர் நூலில் மதிப்புடன் இடம்பெற்றாலும், தன்வரலாறு என்னும் வடிவம் அவர்களைத் துணைமாந்தராக்குகிறது. மற்றோர் எல்லை இதனினும் ஆழமானது. நூலின் உச்சக் காட்சிகள் பெரும்பாலும் சொற்போர்க் காட்சிகள். தலைமை அங்கு நாவன்மையோடு பிணைந்துள்ளது. அதே காலத்தில், 1974இல், ஓரிகன் மாநிலத்தில் அறிவுத்திறன் குறைபாடுடையோர் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். சரளமான பேச்சு வாய்க்காதவர்களும் கூடி முடிவெடுக்க இயலும் என்பதற்கு அது சான்று. அங்குத் துணைநிற்பவரின் உதவி எங்கு முடிகிறது, அவருக்குப் பதிலாகப் பேசுதல் எங்குத் தொடங்குகிறது என்பதே முதன்மைச் சிக்கல். ஹியூமனின் நூலில் இவ்வினா மையம் பெறவில்லை. நாவன்மையைத் தலைமையின் அளவுகோலாக்கினால், ‘நாங்கள்’ என்பதற்குள்ளேயே சிலர் மீண்டும் பிறரால் பேசப்படுபவர் ஆகிவிடுவர்.

முடிவுரை

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்கள் 2025இல் சட்டமன்றத்தில் நிறைவேறின. இருக்கை கிடைப்பது இன்றியமையாத முதற்படி. எனினும் நியமிக்கப்படுபவர் யாருடைய ‘நாங்கள்’ என்பதைச் சொல்வார் என்பது, அவரைத் தேர்வதில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளுக்கு உள்ள பங்கைப் பொறுத்தது. ஹியூமனின் நூலைத் தமிழ்த் திறனாய்வு ஊக்கநூல் வரிசையிலிருந்து விடுவித்து அரசியல் தன்வரலாறாக வாசிக்கும்போதே இவ்வினா எழும். சரளமாகப் பேச இயலாதோர் எழுப்பும் உரிமைக்குரலைப் பதிவு செய்ய எவ்வகை எழுத்து வடிவம் ஏற்றது என்பது மேலாய்வுக்குரியது.