கைச்சாத்தும் காணியும்

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972-இல் வெளிவந்த காலந்தொட்டு அதன்மீது ஒரு குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டு வருகின்றது: அது நாவலன்று, பிரசாரம். கட்டுக்கோப்புத் தளர்ந்த இடங்கள் அதில் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், குடாநாட்டு மக்களின் உரிமை பற்றி அரசாங்கம் உலகத்துக்கு எழுதிக்கொடுத்த வாக்குறுதிகளின் அருகே அந்நாவலை வைத்துப் படித்தால், எது வெறும் பிரசாரம் என்ற கேள்வி வேறு விதமாக எழும்.

1966 ஒக்டோபர் 21-இல் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் கண்டது. இரண்டு மாதங்கூடக் கழியவில்லை. டிசம்பர் 16-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. நடந்தவர்கள் நியூயோர்க்கைக் கேட்டு நடக்கவில்லை. தொடர்ந்து சங்கானைத் தேநீர்க்கடைகளிலும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் போராட்டம் மூண்டது. வாயிலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர், முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான செ. சுந்தரலிங்கம். (கல்வி மனத்தை விரிக்கும் என்போர் இதையும் நினைவிற் கொள்க.) சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957-இலேயே இயற்றப்பட்டிருந்தது. பதினோராண்டுப் பழைய அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் வாயிலில் வந்து நின்ற மக்களே. 'பஞ்சமர்' எழுந்த மண் இது.

அரசு அவ்வுடன்படிக்கையில் இணைந்தது 1980 ஜூன் 11-இல். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தில் இணைந்தது 1982-இல். இணைந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில், பாராளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றாதவரை, கைச்சாத்திட்ட தாளைக் காட்டி ஒருவர் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. 2006-இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் இதை ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. மறு ஆண்டு குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கைக்கு ஒரு சட்டம் வந்தது. சமூக உரிமைகளின் உடன்படிக்கைக்கு அத்தகைய சட்டம் ஏதும் வரவில்லை.

1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் இதே பிளவுதான். சாதியின் பேரால் கடை, உணவுச்சாலை, தன் மதத்தின் வழிபாட்டிடம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்கிறது 12-ஆம் உறுப்புரை. மீறினால் உயர் நீதிமன்றம் செல்லலாம். உணவு, உடை, வீடு பற்றிய பேச்சோ 27-ஆம் உறுப்புரையில், அரசின் வழிகாட்டிக் கொள்கைகளுள் வைக்கப்பட்டிருக்கிறது. அக்கொள்கைகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதென்று 29-ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. தேநீர்க் கோப்பைக்கு வழக்குண்டு. கோப்பையைப் பிடிக்கும் கை குடியிருக்கும் நிலத்துக்கு வழக்கில்லை.

டானியல் இதை அறிந்திருந்தார். அவருடைய மாந்தர் குடியிருக்கும் காணி பெரும்பாலும் பிறருடையது. காணிக்காரன் 'எழும்பு' என்றால் எழும்பவேண்டிய நிலை அவர்களுடையது. டொமினிக் ஜீவா 1960-இலேயே தம் கதைத்தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயரிட்டார். ஆறில்லாத குடாநாட்டில் கிணறே வாழ்வு என்பதை அறிந்தவர் வைத்த பெயர் அது. தண்ணீர் ஒரு மனித உரிமை என்று ஐ.நா. குழு விளக்கவுரை எழுதியது 2002-இல், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

இவ்வுரிமைகளைக் 'கிடைக்கும் வளங்களுக்கேற்பப் படிப்படியாக' நிறைவேற்றலாம் என்கிறது உடன்படிக்கை. அச்சொல்லுக்குள் அரசுகள் வசதியாகக் குடியேறிவிட்டன. ஆனால் சமூகத் தோற்றத்தாலோ பிறப்பாலோ பாகுபாடு கூடாதென்ற அதன் கட்டளைக்குப் படியுமில்லை, தவணையுமில்லை. அது உடனே செய்யவேண்டியது. 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள் காணியும் உறவினர் வளவும் உடையோர் ஒருவாறு ஒதுங்கிக் கொண்டனர். பல்லாண்டுகள் முகாம்களிலேயே தேங்கியவருள் பெருந்தொகையினர் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர். போர் எல்லோரையும் துரத்தியது. மீளும் வழியைச் சாதி வகுத்தது.

அரசுகள் ஜெனீவாவுக்கு அனுப்பும் அறிக்கைகளும் ஒருவகை எழுத்தே. விமரிசகர்கள் டானியலிடம் கேட்கும் கேள்விகளை அவற்றிடமும் கேட்கட்டும்: இதில் வாழ்வு எங்கே, மாந்தர் எங்கே? தனிமனிதரே அக்குழுவிடம் முறையிட வழி திறக்கும் விருப்புரிமை நெறிமுறை 2008-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் சேரவில்லை. நம் எழுத்தாளர் சங்கங்கள் 'பஞ்சமர்' கலையா பிரசாரமா என்று கூடிப் பேசும்போது, இந்த நெறிமுறையில் சேரவும் 1966 உடன்படிக்கைக்குச் சட்டம் இயற்றவும் கோரும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றுவார்களா?