ஓரி செத்த பிறகு தெருவில் கேட்ட சத்தம்

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர், படியில் அளந்து போட்டபடியே பேச்சுக் கொடுத்தார். ஆடி விழாவுக்கு செம்மேட்டுக்குப் போனேன் என்று சொன்னதும், "ஓரி ராசாவப் பத்தி மேடையில நல்லாத்தான் பேசுறாங்க கண்ணு. ஆனா அவரு செத்தன்னிக்கு இந்த சனம் என்ன பண்ணுச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே"ன்னார்.

பதில் சொல்ல வாய் வரலை. "தெரியலைங்க"ன்னு சொல்லிட்டு பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

வல்வில் ஓரியைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வதெல்லாம் எங்கிருந்து வருது? முதலில் புறநானூறு 152. வன்பரணர் பாடியது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகிறது. வேட்டையாடியவன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் பாட, அவன் மானிறைச்சியும் தேனும் பொன்னும் கொடுக்கிறான். அடுத்தது 153, அதுவும் வன்பரணர். ஓரியிடம் வாங்கியதில் நிறைந்துபோன கூத்தர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துவிட்டார்களாம். அப்புறம் சிறுபாணாற்றுப்படையின் கடையெழு வள்ளல் பட்டியல்.

நல்ல பாட்டுகள்தான். ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இதெல்லாம் வந்துபோன புலவர்களின் சாட்சி. பரிசு வாங்கினவர்கள், கொடுத்தவனைப் பாடியிருக்கிறார்கள். ஓரிக்கும் புலவருக்கும் இருந்த உறவு இதிலிருந்து தெரியும். ஓரிக்கும் அவன் ஊருக்கும் இருந்த உறவு தெரியாது. மேடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். "வள்ளல், அதனால் மக்கள் உயிரையே வைத்திருந்தார்கள்" என்று ஒரு தாவு. அந்த 'அதனால்'தான் எனக்கு உதைக்கிறது.

ஓரி இறந்த கதையை அகநானூறு 209 சொல்கிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, பலாமரம் நிறைந்த கொல்லியைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான். காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்பது இதில் பெரிய சங்கடம். சிறுபாணாற்றுப்படை இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் வைக்கிறது, அதுவும் ஓரி காரியோடு போரிட்டவன் என்கிற குறிப்போடு. ஆக, வள்ளல் என்பது நல்ல அரசன் என்பதற்கான சான்றிதழ் இல்லை. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, அவன் மலையை மூன்றாவது ஆளுக்குக் கொடுத்திருக்கிறான். கொடை என்றால் இதுவும் கொடைதான்!

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். அன்னிக்கு சனம் என்ன செஞ்சுது?

பதில் புறநானூற்றில் இல்லை, நற்றிணையில் இருக்கிறது. 320ஆம் பாட்டு, மருதத்திணை. பாடியவர் கபிலர். போருக்கும் இந்தப் பாட்டுக்கும் நேரடியான சம்பந்தமே கிடையாது. ஊரில் திருவிழா முடிந்துவிட்டது, முழவுச் சத்தமும் அடங்கிவிட்டது. அப்போது தழையாடை உடுத்திய இளம்பெண் ஒருத்தி தெருவழியே நடந்து போகிறாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கே ஊர் முழுக்க இரைச்சல் கிளம்புகிறது. பெண்கள் அவசர அவசரமாகத் தங்கள் கணவன்மாரைக் காவலுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

அந்த இரைச்சல் எப்படி இருந்தது என்பதற்குக் கபிலர் ஓர் உவமை சொல்கிறார். ஓரியைக் கொன்ற பிறகு அவனுடைய பெருந்தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த சத்தம் போல இருந்ததாம். 'கல்' என்கிற ஒலிக்குறிப்பைப் போடுகிறார். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தெரு, ஒரு சத்தம், அவ்வளவே.

இந்த இடத்தைப் பலர் 'ஓரியின் மக்கள் அழுத அழுகை' என்று எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்க உருக்கமாத்தான் இருக்கும். ஆனா பாட்டு அப்படிச் சொல்லலை. உவமையைப் பொருளோடு பொருத்திப் பாருங்க. தெருவில் நடந்துபோன பெண்தான் காரி. கணவன்மாரைப் பூட்டிவைக்கிற மனைவிகள்தான் ஓரியின் ஊர். அந்த மனைவிகள் யாரும் அழவில்லை. இருப்பதைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பதறுகிறார்கள், அவளைப் பார்த்துக் கொதிக்கிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள். அந்த இரைச்சலில் பயமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. துக்கம் இருந்திருக்கலாம். ஆனால் கபிலர் காதில் விழுந்ததாகப் பாட்டு காட்டுவது, தன் வீட்டைக் காக்கிற ஒரு ஊரின் கூச்சலை.

ஓரி என்ற ஆள்மீது வைத்த பாசம் ஒன்று. 'எங்க தெருவுக்குள்ள நீ யாருடா' என்கிற எதிர்ப்பு இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் நம்மிடம் சாட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால் அது முதலாவதைவிடக் குறைந்தது இல்லை.

'அட, ஒரு உவமையை வச்சு இவ்வளவு பேசலாமா, புலவர் கற்பனையா இருக்கக்கூடாதா' என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனா உவமை எப்படி வேலை செய்யுதுன்னு யோசிங்க. கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொன்னால்தான் அது உவமை. ஓரியின் தெருவில் எழுந்த இரைச்சல் ஊரறிந்த பேச்சாக இருந்திருந்தால்தான், ஒரு குடும்பச் சண்டைப் பாட்டில் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர முடியும். புகழ்பாட வந்த பாட்டைவிட, வேறு வேலையாக வந்த பாட்டில் சிந்திய தகவலை நான் அதிகம் நம்புவேன்.

ஒரு ஊர் தன் அரசனைப் பற்றித் தானே எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? அதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மூன்றாம் ரிச்சர்டும் யார்க் நகரமும். ரிச்சர்ட் வடக்கில் வளர்ந்து, பல வருஷம் வடக்கை நிர்வகித்தவன். 1483இல் முடிசூடிய சில வாரங்களில் யார்க்குக்கு வந்தான். அங்கேதான் தன் மகனுக்கு இளவரசப் பட்டம் கட்டினான். ஊர் அரசுக்குக் கட்டவேண்டிய ஆண்டுத் தொகையைக் குறைப்பதாகவும் சொன்னான். 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் கொல்லப்பட்டான். அவனுக்காக 80 பேரை அனுப்ப யார்க் நகர மன்றம் முடிவு செய்திருந்தது. போருக்கு மறுநாளே, மன்னன் பரிதாபமாகக் கொல்லப்பட்டான், நகரத்துக்குப் பெருந்துயரம் என்று மன்றம் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தது. ஜெயித்தவன் புது ராஜாவாகிவிட்ட நேரத்தில் இப்படி எழுத நெஞ்சுரம் வேணும். புது அரசனின் ஆள் ஒருவர் உயிருக்குப் பயந்து ஊர்வழியே வரவில்லை என்றும், மேயர்தான் போய் அவரைப் பார்த்தார் என்றும் அதே ஏடு சொல்கிறது. காரி தெருவில் நுழைந்ததும், இந்த ஆள் நுழையாமல் நின்றதும் எனக்கு ஒன்றின் மறுபக்கம் ஒன்றாகத் தெரிகிறது.

ஆனா கதை அங்கே முடியலை. அதே யார்க் மன்றம் சீக்கிரமே ஏழாம் ஹென்றியிடம் ஆளனுப்பி, தங்கள் பழைய சலுகைகளைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. இது துரோகமா? எனக்கு அப்படித் தோணலை. துக்கத்தையும் எழுதினார்கள், வரிச்சலுகையையும் கேட்டார்கள். ஊர் என்றால் அப்படித்தான். அரசன் ஒருமுறை சாவான். ஊர் மறுநாள் காலையில் கடை திறந்தாக வேண்டும். யார்க்கின் விசுவாசம் நமக்கு நம்பும்படியாக இருப்பதே, அதே ஏட்டில் அதன் கணக்குவழக்கும் கலந்திருப்பதால்தான்.

கொல்லியிலும் மறுநாள் காலை விடிந்திருக்கும். அதன் தடயம் குறுந்தொகையில் இருக்கிறது. 199ஆம் பாட்டில் பரணர் இதை ஓரியின் கானம் என்கிறார். 89ஆம் பாட்டில் அதே பரணர் பெயரில் இது பொறையனின் கொல்லி, அதாவது சேரனுடையது. மலை அதேதான், பட்டா மாறிவிட்டது. அந்தக் கொல்லிப்பாவைக்கு யார் பட்டாதாரர் என்றெல்லாம் கவலை இருந்திருக்காது.

கபிலர் விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. புறநானூறு 121 முதல் 124 வரை காரியைப் பாடியவர் இதே கபிலர். குறுந்தொகை 100இல் கொல்லியை ஓரியுடையது என்று சொல்பவரும் அவரே. நண்பன் பாரி செத்து, பறம்பு மலை கைவிட்டுப்போனதைப் பாடியவரும் அவரே. எது முன், எது பின் என்று வரிசைப்படுத்த நான் போகவில்லை. ஆனால் இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஜெயித்தவனைப் பாடிய வாய்தான் தோற்ற தெருவின் சத்தத்தையும் சொல்லியிருக்கிறது. காரியைப் புகழும் பாட்டுகளில் அந்தச் சத்தத்துக்கு இடமில்லை. அதனால் அது ஒரு பரத்தையைப் பற்றிய பாட்டுக்குள் போய் ஒதுங்கிக்கொண்டது. நம் ஆட்கள் அங்கே தேடிப் பார்க்காததுதான் குறை.

இன்னிக்கு மலைமேல ஓரிக்குச் சிலை இருக்கு, ஆடிப்பெருக்கையொட்டி அரசு விழா நடக்குது. சேரனுக்கோ காரிக்கோ கொல்லியில் விழா இல்லை. மலையில் இப்போது வாழும் மலையாளிப் பழங்குடிகளின் வாய்மொழிக் கதையோ, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓரியை 'எங்க ராசா' என்பது ரத்தவழியில் வந்த உரிமை இல்லை, மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் மலையோடு சேர்த்து எடுத்துக்கொண்ட உறவு. ரிச்சர்டின் எலும்பு 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தபோதும் யாருக்கு உரிமை என்ற சண்டை வந்தது. யார்க்கில் புதைக்கவேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் 2014இல் தோற்றார்கள். 2015இல் லெஸ்டரிலேயே அடக்கம் செய்தார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். 1485இல் எழுதிய அந்தக் குறிப்பு மட்டும் இன்னும் யார்க்கிடம்தான் இருக்கிறது.

பெரியவரை மறுபடி சந்தையில் பார்த்தால் சொல்வதற்கு இப்போ என்னிடம் பதில் இருக்கு: "ஒரே இரைச்சலாம் ஐயா. அழுதாங்களான்னு கபிலர் சொல்லலை. ஆனா தெருவுக்குள்ள வந்தவனுக்கு வழிவிட்டு யாரும் சும்மா நிக்கலை."